சனிக்கிழமைச் சம்பந்திகள்

டயர்க்கடை: மெதுவா போங்க சம்பந்தி! முன் டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு கிளம்பும்போதே சொன்னேன்.

கண்ணாடிக்கடை: உங்களக் கூட்டிட்டு வந்தா இதான். ரோட்டப் பாக்க மாட்டீங்க, மரத்தப் பாக்க மாட்டீங்க… வர்ற போற வண்டி டயரத்தான் பாப்பீங்க.

டயர்க்கடை: நீங்க மட்டும்? போன வாரம் சங்கக் கூட்டத்துல மேடை ஏறி "சகோதரர்களே"ன்னு ஆரம்பிச்சுட்டு, முன்வரிசைல ஒருத்தர் கண்ணாடி கோணலா இருக்குன்னு கீழ இறங்கிப் போய் நிமித்தி விட்டீங்களே!

கண்ணாடிக்கடை: கோணக் கண்ணாடியப் பாத்துக்கிட்டு எப்படிங்க சகோதரத்துவம் பேசறது?

டயர்க்கடை: அதாவது போகட்டும். அந்த மணி விவகாரம்?

கண்ணாடிக்கடை: அத ஏன் இப்ப இழுக்கறீங்க…

டயர்க்கடை: உங்கள மாதிரி வட்டாரத் தலைவர் சங்கத்தோட ஒரு கிளையப் பாக்கப் போனா, அவங்க கூட்டத்து மணிய நைசாத் தூக்கிட்டு வரணும். அதத் தேடிக்கிட்டு அவங்க நம்ம ஊருக்கு வரணும். நல்ல வழக்கந்தான், நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா எந்த மணின்னு பாக்க வேணாமா?

கண்ணாடிக்கடை: மேஜை மேல இருந்துச்சு. கைமணி. எடுத்தேன்.

டயர்க்கடை: கூட்டம் நடந்தது பள்ளிக்கூட ஹால்ல! நீங்க எடுத்தது பள்ளிக்கூடத்து மணி! திங்கட்கிழமை சாயந்திரம் மணி அடிக்காம, பிள்ளைங்க வீட்டுக்குப் போகாம கெடந்திருக்கு.

கண்ணாடிக்கடை: ஹெட்மாஸ்டர் வந்து நின்னப்ப உங்க மூஞ்சியப் பாக்கணுமே… திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி!

டயர்க்கடை: எடுத்தது நீங்க.

கண்ணாடிக்கடை: கோட்டுக்குள்ள மறைச்சது நீங்க.

டயர்க்கடை: …சிரிக்க வைக்காதீங்க, புரை ஏறுது. இன்னிக்கு எந்தக் கிளை?

கண்ணாடிக்கடை: மலையடிவாரக் கிளை.

டயர்க்கடை: அங்கதான் போயிட்டு வந்துட்டமே?

கண்ணாடிக்கடை: வந்தா என்ன, மறுபடி போகக் கூடாதா?

டயர்க்கடை: கூட்டம் எத்தனை மணிக்கு?

கண்ணாடிக்கடை: நாம போனதும்.

டயர்க்கடை: ம்… நல்லது. இந்த வாரம் வராம இருந்துடுவீங்களோன்னு நெனச்சேன்.

கண்ணாடிக்கடை: ஏன் வராம?

டயர்க்கடை: இல்ல… மழை வர்ற மாதிரி இருந்துச்சு.

கண்ணாடிக்கடை: வெயில் மண்டையப் பொளக்குது!

டயர்க்கடை: சும்மா சொன்னேங்க. …போன் அடிக்குது பாருங்க. அட, என் பொண்ணு! எடுங்க.

கண்ணாடிக்கடை: வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது.

டயர்க்கடை: மருமக பேசினா வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசற ஆளாச்சே நீங்க?

கண்ணாடிக்கடை: அப்புறம் பேசிக்கலாம்.

டயர்க்கடை: நான் எடுக்கட்டுமா?

கண்ணாடிக்கடை: வேணாம்! வேணாங்க… அடிச்சு ஓயட்டும்.

டயர்க்கடை: ஏன் வண்டிய நிறுத்திட்டீங்க?

கண்ணாடிக்கடை: ஓட்டிக்கிட்டே சொல்ற விஷயமில்ல. அவ எதுக்குக் கூப்பிடறான்னு எனக்குத் தெரியும். "மாமா, அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"ன்னு கேப்பா.

டயர்க்கடை: என்ன சொல்லணும்?

கண்ணாடிக்கடை: என் பையனும் உங்க பொண்ணும்… இனிமே சேந்து இருக்கப் போறதில்ல. அடிதடி இல்ல, தப்புத்தண்டா இல்ல. ஒத்து வரலையாம். ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவெடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டிய எடுக்கறேன். அடுத்த ஊர் வரட்டும், அடுத்த ஊர் வரட்டும்னு… கிளையே வந்துடுது.

டயர்க்கடை: இந்தாங்க, தண்ணி குடிங்க.

கண்ணாடிக்கடை: என்னங்க… ரெண்டு வார்த்தை திட்டக் கூட மாட்டீங்களா?

டயர்க்கடை: எனக்கு முன்னாடியே தெரியும்.

கண்ணாடிக்கடை: எப்படி?

டயர்க்கடை: உங்க பையன் என்னைத் தேடி வந்தான். கையப் பிடிச்சுக்கிட்டு, "எங்க அப்பாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க மாமா"ன்னான். நான் பக்குவமா பேசற ஆளாங்க? பஞ்சர்னா பஞ்சர்னு சொல்லித்தான் பழக்கம்.

கண்ணாடிக்கடை: அப்ப போன வாரம், பேரப்புள்ள பொறந்தா யாரு பேரு வைக்கறதுன்னு ரெண்டு பேரும் அந்தச் சண்டை போட்டமே!

டயர்க்கடை: நீங்க ஆரம்பிச்சீங்க. எனக்கும் விட்டுக் கொடுக்க மனசு வரல.

கண்ணாடிக்கடை: அடப்பாவி மனுஷா…

டயர்க்கடை: நீங்களும் தெரிஞ்சுக்கிட்டுத்தானே பேசினீங்க?

கண்ணாடிக்கடை: ஆமா… அதுங்களுக்கு என்னங்க, சின்ன வயசு. எப்படியும் பொழச்சுக்குவாங்க. நமக்குத்தான்… நாளைக்கு எந்த உறவச் சொல்லி உங்க கடை வாசல்ல வந்து ஹாரன் அடிப்பேன்? வெக்கத்த விட்டுச் சொல்றேன்… உங்கள இழந்துடுவேனோன்னு பயந்துட்டேன்.

டயர்க்கடை: எனக்கு மட்டும் இல்லையா? பொண்ணுக்கு, விஷயம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காம நாள் பூரா ஆறுதல் சொன்னேன். அப்புறம் ஷட்டரை இறக்கிட்டு எனக்காக ஒரு மூச்சு அழுதேன். அவளுக்குத் தெரிஞ்சா தலைல அடிச்சுக்குவா.

கண்ணாடிக்கடை: இப்ப எதுக்கு மறுபடி அழறீங்க? கண்ணத் தொடைங்க… கோட்டுல தொடைக்காதீங்க, சங்கத்துக் கோட்டு!

டயர்க்கடை: வேற எதுல தொடைக்கறது? சரி, வண்டிய எடுங்க. அங்க கூட்டத்துல காத்துக்கிட்டு இருப்பாங்க.

கண்ணாடிக்கடை: அதுல… இன்னொரு விஷயம் இருக்கு.

டயர்க்கடை: இன்னும் என்னங்க!

கண்ணாடிக்கடை: கூட்டமே இல்ல. போன வாரத்தோட என் பதவி முடிஞ்சுபோச்சு. புதுத் தலைவர் பொறுப்பு எடுத்தாச்சு. இன்னிக்கு நம்மள எந்தக் கிளையும் கூப்பிடல. உண்மையச் சொன்னா நீங்க கிளம்பி வர மாட்டீங்களோன்னு… பொய் சொல்லிட்டேன்.

டயர்க்கடை: அதுவும் தெரியும். புதுத் தலைவர் நேத்து கடைக்கு வந்தாரு. "எல்லாக் கிளைக்கும் வழி தெரிஞ்ச ஆளு நீங்க, இனிமே சனிக்கிழமை என் வண்டில வந்துடுங்க"ன்னாரு. "சனிக்கிழமை எனக்கு ஒழியாதுங்க, என் சம்பந்தியோட போகணும்"னு சொல்லி அனுப்பிட்டேன்.