கரெண்ட் கார் கெளம்பல

...அதான் சொல்றேன்மா, சத்தமே வராதுன்னு சொல்லித்தான் ஷோரூம்ல இந்த கரெண்ட் கார வித்தான். சொன்ன சொல்ல காப்பாத்திட்டான்! காலையிலேர்ந்து ஒரு முனகல் கூட இல்ல. பட்டன அமுக்குனா டிக் டிக்குங்குது, அப்புறம் ஸ்கிரீனு கண்ண மூடிக்குது. மகாராணிக்குத் தூக்கம் கலையலயாம்.

பழவேற்காட்டுலேர்ந்து மெக்கானிக் வராங்கன்னதும் யாரோ ஒரு ஆம்பளன்னு நெனைச்சுட்டேன், தப்பா எடுத்துக்காத. ருமானாவா பேரு? நல்லா பாத்துச் சொல்லு ருமானா.

எம் பொண்டாட்டி சொல்றா, உப்புக்காத்து ஒத்துக்கலயாம். நம்ம லைட்ஹவுஸ் குப்பத்துல உப்புக்காத்து அடிக்காம பன்னீர்க்காத்தா அடிக்கும்?

தோ, பையோட நிக்குறாளே, எம் பொண்ணு ஜமுனா. இன்னிக்கு வேலையில மொத நாளு. ஒம்பது மணிக்கு பொன்னேரி ஆபீஸ்ல இருக்கணும். எங்க வூட்ல வலையத் தவிர வேற எதையும் புடிச்ச ஆளு கெடையாது, இவதான் மொத டிகிரி. பஸ்ஸுல போறேன் நைனான்னா. நாந்தான் உடல. கார வெச்சிக்கினு பொண்ண பஸ்ஸுல அனுப்புனா ஊரு இன்னா பேசும்னேன். பஸ்ஸு போயிடுச்சு. ஊரு இப்ப நல்லாவே பேசுது.

தள்ளிப் பாத்தோமாவா? ஏன் பாக்கல? போட்ட கரையேத்துற மாதிரி அத்தினி பேரும் தோள் குடுத்தானுங்க. சக்கரம் அசையல. எதிர்வூட்டு நாகப்பன், டீசல் இருக்கான்னு குச்சி வுட்டுப் பாக்கட்டுமான்னான். அவ்ளோ அறிவு!

சார்ஜா? நேத்து சாயங்காலம் முக்காலுக்கு மேல காமிச்சுதும்மா. அடியில பாய் விரிச்ச மாதிரி எம்மாம் பெரிய பேட்டரி! அப்புறம் இன்னா கேடு?

இன்னா, பானட்ட தொறந்துட்டு அப்படியே நிக்குற? ஆங்... அதுவா? சின்ன பேட்டரி. அழுக்கு இல்லம்மா, மீன் செதிலு. தொடச்சா போயிடும்.

...இல்ல, இந்த வண்டியோடது இல்ல. எம் மீன்புடி போட்டுல இருந்த பேட்டரி. மச்சான் ரமேஷு நேத்து ராத்திரி கடலுக்குப் போவும்போது, பேட்டரி செத்துப்போச்சு மாமா, ஜி.பி.எஸ் எரியலன்னான். வழி தெரியாம எங்கியாவது போயிட்டா? அடியில யானை கணக்கா ஒண்ணு கெடக்கும்போது மூலையில காருக்கு ஒரு எலி எதுக்குன்னு... அத போட்டுக்குக் குடுத்துட்டு, செத்தத இங்க மாட்டிவுட்டேன். ரெண்டும் ஒரே சைஸும்மா!

இன்னாது? எலிதான் யானைய எழுப்பணுமா? இத ஷோரூம்ல சொல்லியிருக்கணுமா வேணாமா? ...சரி, கழட்டுன்னும் அவன் சொல்லல.

ரமேஷா? நடுக்கடல்ல இருக்கான். மத்தியானம் ஆவும். அவனுக்கின்னா, ஜி.பி.எஸ் ஜம்முனு எரியும்.

ஜமுனா, மொறைக்காத. எங்க போற? ருமானா, நீயா? ஸ்கூட்டர்லயா? பொன்னேரி வரைக்கும் கொண்டுபோய் வுடுறியா? ஒனக்கு வேற வேல இருக்குமேம்மா... ஏறிட்டாளா? துப்பட்டா சக்கரத்துல மாட்டப்போவுது, இழுத்துக் கட்டிக்க!

அடியே ஜமுனா! லேட்டாயிட்டா ஏன்னு கேப்பாங்க. வண்டி மேல பழியப் போடாத, இன்னா? எங்க நைனாதான் கெடுத்தாருன்னு சொல்லு!