பம்புக்கு வைத்த கைநாட்டு

எமர்ஜென்சி சமயம். ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்சாதி. அவள் மடியில் கைக்குழந்தை.

“அடிபம்பு கேட்டுத்தானேய்யா கைநாட்டு வெச்சே? குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷனுக்கு இன்னாத்துக்குக் கூப்புடுறாங்க?” என்றாள்.

“ஊரே வெச்சுது, நானும் வெச்சேன். அடியில இன்னொரு பேப்பர் இருந்துச்சோ இன்னாவோ.”

“நமக்கு இந்த ஒரு பொட்டப்புள்ளதான்னு சொல்றதுதானே?”

“யாரு கேட்டாங்க? ஊருக்கு ஒரு ஆளு கணக்கு காட்டணுமாம், நான் போவலன்னா பம்பு வராதுன்றாரு பஞ்சாயத்துத் தலைவரு. ஊரே என் மூஞ்சியப் பாக்குது.”

“அவரு போயி பண்ணிக்கட்டுமே!”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அவன் கையிலிருந்த காகிதத்தைப் பின்னாலிருந்தே படித்துவிட்டேன். ஆப்பரேஷனுக்கு வரச் சொல்லி அவன் பெயரும் அன்றைய தேதியும் இருந்தன. பம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கண்டக்டர் வந்தார்.

“மனு வாங்குற ஆபீஸாண்ட எறக்கி வுடு நைனா. அந்தக் கைநாட்ட அடிச்சுப் போடச் சொல்லணும்,” என்றாள் அவள்.

“ஆம்பளைங்க ஆப்பரேஷன் கேம்ப்பும் இன்னிக்கு அங்கதாம்மா நடக்குது.”

அவள் குழந்தையை அவன் மடிக்கு மாற்றினாள்.

“நீ எறங்காதே. புள்ளைய வெச்சிக்கினு இப்படியே ஸ்டாண்டுக்குப் போ. நான் போய்க் கேக்குறேன். பொம்பளைய இன்னா பண்ணிடுவாங்க?”