கறுப்பு உறை

கால இடிக்காத தம்பி. கால்ல தொங்குறது சாப்பாட்டுப் பையில்ல, மூத்திரப் பை. கறுப்புத் துணியில உறை போட்டிருக்கு, அதான் தெரியல. பேத்தி தச்சது.

ம். சிறுநீர்ப்பையில புத்துநோய். அட, ஒங்கண்ணனுக்கும் அதுவா? சிதம்பரத்துல சேத்திருக்கீங்களா? சரி, அழுவாத. பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க.

எனக்கு நுரையீரல் வரைக்கும் ஏறிடுச்சு. டாக்டரு எம் மவன் ராஜவேலத் தனியா கூப்புட்டு, ஒரு வருசம் தாண்டுறதே கஷ்டம்னுட்டாரு. பய என்னா பண்ணான் தெரியுமா? கெழவன் கண்ண மூடுறதுக்குள்ள ஒரு கல்யாணத்தப் பாத்துடட்டும்னு, எம் பேத்தி கனிமொழிய அவ தாய்மாமன் பாலகுமாருக்குப் பேசி முடிச்சுட்டான். அவன் குடிச்சா கை நீட்டுவான். எங்க ஊரு குடிகாட்டுல எல்லாருக்கும் தெரியும். புள்ள சோறு திங்காம கெடந்துச்சு.

நான் சாவல.

சிரிக்காத. வருசம் தாண்டிடுச்சு. டாக்டரு சொன்னாரு, மொத வருசம்தான் பெரிய கண்டம் பெரியவரே, அதத் தாண்டுனவங்க அடுத்த வருசமும் இருக்குற வாய்ப்பு ஜாஸ்தி, அதையும் தாண்டுனா இன்னும் ஜாஸ்தின்னு. நான் என்னா பண்ணேன்? மருந்து ஏத்துனாங்க, படுத்துக் கெடந்தேன். கணக்கு தானா ஏறுது. வீட்ல சொன்னேன். கெழவன்தான் கல்லு மாரி இருக்கானே, என்னா அவசரம்னு எம் மவன் கல்யாணத்தத் தள்ளுனான். ஒவ்வொரு தடவ நான் டாக்டருகிட்ட போயிட்டு வந்து நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லத் தள்ளுறான். அவ நர்சிங் கடசி வருசம். சித்திரையில பரீட்ச. முடிச்சு மெட்ராசுல வேலைக்குப் போயிட்டா அவள ஒருத்தன் தொட முடியாது.

ஒங்கண்ணன்கிட்ட அந்தக் கணக்கச் சொல்லு. நெசம். எனக்கும் நெசமாத்தான் இருந்துச்சு, போன மாசம் வரைக்கும்.

என்னாவா? பையில செவப்பா வருது.

கத்தாதய்யா. டாக்டர்கிட்டயா? காட்டுனா அங்கயே படுக்க வச்சுருவாரு. வீட்டுக்கு போன் போவும். வர்ற மொத முகூர்த்தத்துல தாலி.

முட்லூர் தாண்டிடுச்சு பாரு, சிதம்பரம் வரப்போவுது. எறங்குனதும் நீ ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ. நான் பஸ்ஸ்டாண்டுல டீ குடிச்சுட்டு, அடுத்த கடலூர் வண்டியில ஏறிடுவேன். டாக்டரு நல்லாருக்குன்னாருன்னு சொல்லணும்ல.

அந்தப் புள்ளைக்குத் தெரியுமான்னா கேக்குற? நான் சொல்லல. முன்ன வெள்ளத் துணியிலதான் உறை தைக்கும். இந்தத் தடவ கறுப்புல குடுன்னேன்.

நர்சிங் படிக்கிற புள்ள. ஏன் தாத்தான்னு கேக்கல. தச்சுக் குடுத்துட்டு உள்ள போயிடுச்சு.