ஒரே கண்ணாடிக்குள் இருந்த இரண்டு துண்டுகள்

என் பெயர், கதவு எண் ஆகியவற்றை காவல் ஆய்வாளர் என் அடையாள அட்டையைப் பார்த்து இத்தாளின் தலைப்பில் எழுதியிருக்கிறார். அவை சரியே. வயது ஐம்பத்தேழு. மேற்படி முகவரியில் என் அக்காவுடன் வசித்து வருகிறேன். நூலகத்தின் பழஞ்சுவடிப் பிரிவில் பழுதுபார்க்கும் பணியாளராக முப்பத்தோரு வருடமாக வேலை பார்க்கிறேன். என் மேல் கொடுத்திருக்கும் புகாரில் என்னை 'பசை ஒட்டும் பெண்' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒட்டுகிறேன்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

எட்டு வருடத்திற்கு முன்பு, கிரேக்க மொழியில் எழுதிய இரண்டு பாப்பிரஸ் துண்டுகள், அதாவது நாணலால் செய்த பழங்காலத் தாளின் துண்டுகள், என் மேசைக்கு வந்தன. ஒன்று கடிதங்கள் இருந்த பெட்டியிலிருந்தும் மற்றது தோட்டக் குறிப்புகள் இருந்த பெட்டியிலிருந்தும் வந்தன என்பது வரவுப் பதிவேட்டில் உள்ளது. அந்த வாரம் அளவாக வெட்டிய கண்ணாடி ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்ததால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கண்ணாடிக்குள் அடைத்தேன். இரண்டு எண் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றுதான் ஒட்டினேன். இது என் தவறு. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, நானே சொல்கிறேன்.

அதன் பிறகு, ஆதிகாலக் கிறிஸ்தவ எழுத்துகளை ஆராயும் பேராசிரியர் எங்கள் நூலகத்திலிருந்து அந்தக் கண்ணாடியின் புகைப்படத்தை மட்டும் வாங்கிச் சென்றார். இரண்டும் ஒரே தாள் என்று எடுத்துக்கொண்டு சேர்த்துப் படித்தார். இடது துண்டு 'சபையில் கடிதங்களை வாசிக்கும் சகோதரி' என்று முடிகிறது. வலது துண்டு 'இனி நிறுத்திவிட வேண்டும்' என்று தொடங்குகிறது. பதிவேட்டின்படி நிறுத்தச் சொன்னது எண்ணெய்ச் செக்கை. பேராசிரியரோ, பெண்கள் சபையில் வாசிக்கக் கூடாது என்பதற்கு இதுவே மிகப் பழைய சான்று என்று எழுதிவிட்டார்.

இது எனக்குப் போன வருடம்தான் தெரிய வந்தது. பதிவேட்டின் பக்க எண்ணோடு அவருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதன் பிறகு நேரில் போய்ச் சொன்னேன். "நீங்க ஒட்டுற வேலையைப் பாருங்கம்மா, படிக்கிற வேலையை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். வாசல்வரை வந்து கதவையும் அவரே சாத்தினார்.

சம்பவ தினத்தன்று விடுப்பு எடுத்து, முறைப்படி பெயர் பதிந்து, கழுத்தில் அட்டையோடு, அவர் இதைப் பற்றிப் பேசவிருந்த கருத்தரங்கிற்குச் சென்றேன். அத்துமீறி நுழைந்ததாகச் சொல்வது பொய். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பேராசிரியரின் கட்டுரையை முழுவதும் கேட்டேன். சுமார் நூறு பேர் இருந்தார்கள், கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் மூன்று முறை கை தூக்கினேன். மைக் எனக்கு முன்னாலும் போனது, பின்னாலும் போனது, என்னிடம் மட்டும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு எழுந்து, மேடை அருகே அந்தக் கண்ணாடியைக் காட்சிக்கு வைத்திருந்த பெட்டியை நோக்கிப் போனேன். அதன் சாவி நூலகம் எனக்கு எழுத்துமூலம் ஒப்படைத்தது, பூட்டை நான் உடைக்கவில்லை. கண்ணாடியை இரு கையாலும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மைக் இல்லாமலே பேசினேன். பாப்பிரஸ் தாளில் ஒரு பக்கம் நார் குறுக்கே ஓடும், மறுபக்கம் மேலிருந்து கீழே ஓடும். ஒரே தாளின் ஒரே பக்கத்தில் நார் பாதியில் திரும்பாது. இங்கே இடது துண்டில் குறுக்கே ஓடுகிறது, வலது துண்டில் கீழே ஓடுகிறது, வந்து பாருங்கள் என்றேன். வெளியூரிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "ஆமாங்க, இது வேற தாள்" என்றார். அவர் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்.

அப்போது பேராசிரியர் "இவங்களை யாரு உள்ள விட்டது?" என்று கத்தியபடி கண்ணாடியைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அதில் ஒரு மூலை ஜன்னல் விளிம்பில் இடித்து உடைந்தது. துண்டுகளுக்கு ஒரு கீறலும் இல்லை. உடைந்த மூலைக்கு நானே டேப் ஒட்டி, காவலாளியிடம் ஒப்படைத்து, ரசீது வாங்கினேன். ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

'உணர்ச்சிவசப்பட்டுச் செய்துவிட்டேன்' என்று சேர்க்கட்டுமா என ஆய்வாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். யோசித்துத்தான் செய்தேன்.

அதன் பிறகு நூலக இயக்குநர் நிலையத்திற்கு வந்து, தட்டச்சு செய்த தாள் ஒன்றை மேசைமேல் வைத்து, தன் பேனாவையும் நீட்டினார். இரண்டு துண்டுகளும் ஒரே தாளைச் சேர்ந்தவை, கருத்தரங்கில் நான் சொன்னது தவறு என்று அதில் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள், வேலையிலும் தொடரலாம். இல்லையென்றால் பணிநீக்கம். ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.

வாசலில் உட்கார்ந்திருந்த என் அக்கா இதைக் கேட்டு உள்ளே வந்து, "உனக்கென்னடி தலையெழுத்து? எந்தக் காலத்துலயோ செத்துப் போன ஒருத்திக்காக இருக்கற வேலையைத் தொலைப்பியா? போட்டுட்டு வா" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். "அவ வாயை மூடச் சொன்னது யாரும் இல்லக்கா, என் கண்ணாடிதான்" என்றேன். அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இந்த வாக்குமூலத்தை நானே படித்துப் பார்த்தேன். என் தவறு உட்பட இதில் உள்ளது அத்தனையும் உண்மை. மேசைமேல் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இயக்குநரின் பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆய்வாளரின் பேனாவை வாங்கி, இந்தத் தாளில் மட்டும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)