ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் முறை

காலையில் எழுந்ததும் சிலர் பேப்பரைத் தேடுவார்கள், சிலர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள். நான் மருமகனின் காருக்குப் போய், போனட்டைத் தூக்கி, மேல் ஹோஸைப் பிடித்துப் பார்ப்பேன். என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வெந்நீர் போகிற ரப்பர் குழாய் அது. ராத்திரி முழுக்க ஆறிக்கிடந்த வண்டியில் அது இட்லி மாதிரி அமுங்க வேண்டும். ஓணம் முடிந்த வாரம் ஒருநாள் பிடித்தால், கல்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். பெயர் தாணுமாலயன், வயது எழுபத்தொன்று, கரமனையில் சொந்த வீடு. ஒரு தனியார் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருடம் ஃபோர்மேன். இந்தக் கை ஜுரம் பார்த்த என்ஜின்கள் ஒரு லட்சம் இருக்கும். வாக்குமூலம் என்பதால் குறைத்துக்கொள்கிறேன், நாலாயிரம். கிழக்கேகோட்டையில் பஸ் ஸ்டார்ட் ஆனால் கரமனையில் படுத்தபடியே எந்த சிலிண்டருக்கு இருமல் என்று சொல்லிவிடுவேன். அதையும் குறைக்க வேண்டுமென்றால், தெருமுனைக்கு வந்தபிறகு.

ஆறின வண்டியில் ஹோஸ் கல்லாக இருந்தால் அர்த்தம் ஒன்றுதான். என்ஜினின் ஹெட்டுக்கும் கீழ் உடம்புக்கும் நடுவே கேஸ்கெட் என்று ஒரு தகடு உண்டு. அது எங்கேயோ கருகியிருக்கிறது. சிலிண்டருக்குள் வெடிக்கிற வாயு அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீர் ஆறும், வாயு போகாது.

நான் சும்மா வாயால் சொல்லவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் ஆவியில் கழுவினதுபோலப் பளிச்சென்று இருந்தன. ஓட்டை அந்த இரண்டுக்கும் நடுவில் என்று அப்போதே சொன்னேன். கோவிட் காலத்தில் வாங்கி மிச்சமிருந்த மெல்லிய கையுறை ஒன்றை, மூடியைக் கழற்றிவிட்டு ரேடியேட்டர் வாயில் இறுக்கிக் கட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அரை நிமிஷத்தில் ஐந்து விரலும் எழுந்து எனக்கு சல்யூட் வைத்தன. என் ஆயுளில் அவ்வளவு அழகான நோயை நான் பார்த்ததில்லை. மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

என் மருமகன் ஹரிகுமாருக்குக் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடமாக என் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். அவன் போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தான்.

"மாமா, இது பஸ் இல்லல்லோ, காராக்கும். கையுறை பொங்கினா என்ன, வண்டிக்கு வயிறு ஊதியிருக்கா? கொஞ்சம் ஓமத்திரவம் குடுப்போம், சரியாயிடும் கேட்டீளா."

மத்தியானம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் அந்தப் போட்டோ வந்தது. கையுறைக்குப் பக்கத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே, 'மாமாவின் புதிய ஸ்கேனர்.' குரூப்பில் இருபத்துமூன்று பேர். எல்லாரும் சிரிக்கிற மூஞ்சி போட்டார்கள். என் கூடப்பிறந்த தம்பி பூதலிங்கம் நாலு போட்டான். இந்தக் கணக்கில் நான் எதையும் கூட்டவில்லை.

அப்புறம் அவன் வண்டியைப் பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான். அங்கே கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று, மூடியை மட்டும் புதிதாக மாற்றி அனுப்பினார்கள். கேஸ்கெட் கருகின வண்டியும் ஊருக்குள் ஓடும் சார். பிரஷர் கூடினால் மூடியின் ஸ்பிரிங் விலகும், அதிகப்படித் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகப் பக்கத்து பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போய்விடும். அந்தச் சின்னக் குழாய் இருக்கிறவரைக்கும் நான் கோமாளி. இரண்டு மாதம் தினமும் காலையில் நான் ஹோஸைப் பிடிப்பேன், அது கல்லாக இருக்கும். மாடியிலிருந்து அவன் கேட்பான். "எந்தா மாமா, இன்னைக்குப் பல்ஸ் எப்படி?"

மறுநாள் அவர்கள் பொன்முடி மலைக்குப் போவதென்று முடிவானது சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. வழியில் வண்டி சூடானால் என்ன செய்ய வேண்டும் என்று நான் மருமகனுக்கு விளக்கமாகவே சொன்னேன். என் மகள் ஸ்ரீப்ரியா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், என் மனைவி மங்கலம் அப்பளத்தோடு நின்றிருந்தாள், இரண்டு பேரும் சாட்சி. ஈரத்துண்டைப் போட்டு மூடியைக் கால்வாசி திருப்பினால் ஒரு நிறுத்தம் வரும். அங்கே நிற்க வேண்டும். உள்ளே பிரஷர் இருந்தால் அந்தச் சின்னக் குழாய் வழியாக உஸ்ஸென்று போகும். சத்தம் வந்தால் அடங்கும்வரை தொடக்கூடாது. சத்தமே வரவில்லை என்றால் தாராளமாகத் திறக்கலாம். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பழைய சைக்கிள் பெடலிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்றை அந்தச் சின்னக் குழாயின் வாயில் திணித்து, குழாயைப் பழையபடி மாட்டி, கிளிப்பைப் போட்டேன். இப்போது உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் கவரில் கிடக்கிற குண்டுதான். என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். மிளகு அளவுதான் இருக்கும்.

மங்கலம் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். "காலங்காத்தால அங்க என்னத்த நோண்டுதீங்க?"

"மருமவனுக்கு ஒரு உபகாரம்."

"அவன் கேட்டானா?"

அவள் உங்களிடம் இதையும் சொல்லியிருப்பாள். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள், மறைக்கத் தெரியாது.

நான் வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நடு மலையில் வண்டி நிற்க வேண்டும், கேஸ்கெட் பேச வேண்டும், அவன் தன் கையால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் சொல்லாததை ரேடியேட்டர் அவன் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

பதினாலாவது வளைவில் முள் சிவப்புக்குப் போயிருக்கிறது. ஹரிகுமார் என்ன செய்தான் தெரியுமா? போனட்டைத் தூக்கி வைத்துவிட்டு, சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்ய ரேஞ்ச் தேடிக் கீழ் வளைவுக்கு நடந்துவிட்டான். ஒன்பது வருடம் என் சோற்றைத் தின்றவனுக்கு ஒரு மூடியைத் திறக்கத் துணிச்சல் இல்லை. அந்த வண்டியில் போனவர்களில் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பழகினவள் ஸ்ரீப்ரியா ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டால் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து பஸ்களின் மூடியைத் திறந்து விளையாடின பிள்ளை. அதை நான் நினைக்கவில்லை. நினைத்தேனா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், மூன்று தடவையும் பதில் அதுதான். பொண்டாட்டியைத் திறக்க விட்டவன்மேல் ஏதாவது செக்‌ஷன் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

கொஞ்சம் வெந்நீர் தெறித்தது. வாக்குமூலம் என்பதால் கூட்டிச் சொல்கிறேன், அவள் முகமும் கழுத்தும். இன்னும் கூட்டினால், இரண்டு கண்ணும்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். தலை முழுக்கக் கட்டு. நான் பேசுவதற்கு முன்பே, விரலைப் பிடித்துத் தடவி ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். கையால் தெரிந்துகொள்வது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது.

"அப்பா, நீங்க சொன்னமாதிரிதான் செஞ்சேன். கால்வாசி திருப்பிட்டு நின்னேன். சத்தம் வருதான்னு குனிஞ்சு காது குடுத்துக் கேட்டேன். வரல்லப்பா. இருவது வரைக்கும் எண்ணினேன்."

"முப்பது எண்ணியிருக்கணும் மக்ளே. அவசரப்பட்டுட்ட."

"ஆமாப்பா," என்றாள். "என் தப்புதான்."

நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவளோடு எதற்கு வாதம்?

மூன்றாம் நாள் உங்கள் முன்னால்தானே மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினான். நீங்கள் எல்லாரும் அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள், கேஸ்கெட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், சுண்டுவிரல் அகலத்துக்குக் கரிந்திருந்தது. நான் சொன்ன அதே இடம், ஒரு நூல் பிசகவில்லை. அதை உங்கள் பேப்பரில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நானும் என் போனில் ஒரு போட்டோ எடுத்து, அங்கே நின்றபடியே குடும்ப குரூப்பில் போட்டேன். இருபத்துமூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை, சார்.