நாற்பத்தொன்றாவது வரிசை

உங்கள் மேசை ஆடுகிறது. அந்தக் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். இதுகூட இந்த போலீஸ் ஸ்டேஷனில் யாருக்கும் தோன்றவில்லையா?

அந்தப் பெண்ணைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் சர்வர் அறையின் காற்று, கதவு, தீயணைப்பு வாயு மூன்றையும் ஒரே மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நிலைமை மாற மாற, ஓடிக்கொண்டே தன்னை மாற்றிக்கொள்ளும். அதற்கு, எந்த நிலையில் என்ன செய்வது என்று சொல்லும் ஒரு மாடல் வேண்டும். வரக்கூடிய நிலைகளையெல்லாம் நான் முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து வைத்தேன்; இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள், இரண்டு வருட உழைப்பு. அவள் ஒரு கட்டம்கூட வரையவில்லை. சென்சார் சொல்வதை வைத்து மென்பொருளே அறையைப் புரிந்துகொள்ளுமாம். அவ்வளவுதான் அவள் வித்தை.

இரண்டையும் ஒப்பிட மேலாளர் வரிசைக்கு ஒன்றாக நாற்பத்தொரு சோதனைகளைப் பட்டியல் போட்டு வைத்தார். வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தலையாட்டுகிற மனிதர். நாற்பதிலும் அவள் ஜெயித்தாள். ஆளாளுக்கு அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்; அவளுடைய மாடலையே அறையில் ஓடவிட்டார்கள்.

நாற்பத்தொன்றாவது வரிசை இது: உள்ளே ஆள் இருக்கிறார், சென்சார் ஆள் இல்லை என்கிறது, புகை வருகிறது.

"உள்ள ஆளை வெச்சு இதை எப்படிண்ணா டெஸ்ட் பண்றது? விட்டுடலாம்," என்று சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

ஒரு வரிசையை விட்டுவிட்டால் அதற்குப் பெயர் ஒப்பீடா? அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

வியாழக்கிழமை காலையில் ஆள் இருப்பதைக் காட்டும் சென்சாரின் மேல் டேப் ஒட்டினேன். மதியம் அவள் கேபிள் மாற்ற உள்ளே போனாள். வெளியே காற்றுக் குழாயில் இருக்கும் புகை சென்சாருக்கு அடியில் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் பிடித்தேன். அவளுடைய கெட்டிக்கார மென்பொருள் அறை காலி என்று முடிவு செய்து, கதவைப் பூட்டி, தீயோடு மூச்சையும் அணைக்கிற வாயுவைத் திறந்துவிட்டது. அவள் கதவின் கண்ணாடியைத் தட்டினாள். அண்ணா என்றுதான் கூப்பிட்டிருப்பாள். சத்தம் வெளியே வராது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம். அவள் போட்ட கோட்டின் மேலேயே தோல்வி என்று எழுதினேன்.

என் மாடலாக இருந்தால் கதவு திறந்திருக்குமா என்கிறீர்கள். மறுநாள் ஓட்டிப் பார்த்தேன். அதுவும் பூட்டித்தான் இருக்கும். அதே சென்சாரைத்தானே அதுவும் நம்புகிறது. ஆனால் அவள் எந்த இடத்தில் செத்தாள் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். என் வரைபடத்தில் நூற்று எழுபத்தாறாவது கட்டம். அவளுடையதில் அது முடியுமா, சொல்லுங்கள்.