அனந்தநாராயண ஐயர் கிரந்தசாலை

— ஆகையினால, ஒரு குடும்பத்தோட ஆத்மா எங்க இருக்குன்னு யாராவது கேட்டா, புஸ்தகத்தோட உள்ளட்டையிலன்னு சொல்லுவேன், ரெம்யா. அங்க ஒட்டியிருக்கற இந்தப் பேர்ச்சீட்டுல. இங்கிலீஷ்காரன் புக்பிளேட்டும்பான்.

— ஒரு மூலை பிரிஞ்சு நிக்குது, ஸ்ரீகண்டன் சார்.

— நூறு வருஷம் தாண்டியாச்சோன்னோ. ஜெர்மனியில ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே, தேவதை கேடயம் பிடிச்சிண்டு நிக்கறாப்பல மரத்துல செதுக்கி அச்சடிச்சு ஒட்டினா. நம்ம வலியசாலை அக்ரஹாரத்துல எங்க தாத்தா. ரெண்டு யானை, நடுவுல சங்கு, கீழ பாரு, ‘அனந்தநாராயண ஐயர் கிரந்தசாலை, 1911’.

— ஏன்னா, அந்தப் பொண்ணு காப்பியைக் குடிக்கட்டும். ஆறி அவலாயிண்டிருக்கு.

— சூடாமணி, பழைய புஸ்தக எக்ஸிபிஷன்ல வைக்க நம்ம புஸ்தகத்தை எடுத்துண்டு போக வந்திருக்கா. காப்பிக்கு வரலை.

— ஒரு சம்சயம், சார். தாத்தா எப்போ தவறினாங்க?

— நாப்பத்தெட்டுல. திதி ஒண்ணு விட்டதில்லை நான்.

— இந்தப் புஸ்தகம் அறுபத்திரெண்டுல அடிச்சதாக்கும்.

— அப்டியா? மறுபதிப்பா இருக்கும்.

— முதல் பதிப்புன்னு போட்டிருக்கு.

— திதிக்கு வந்தப்போ வாங்கிண்டு வந்திருப்பார்.

— நீ சித்த சும்மா இரு, சூடாமணி.

— நான் ஒண்ணும் சொல்லலை.

— இது எழுபத்தொண்ணு, சார். பின்னே இது... பிரஷர் குக்கர் கூடக் கிட்டின சமையல் புஸ்தகம்.

— அது என்னோடதுன்னா. அதுலயுமா ஒட்டினேள்?

— கண்ணாடி போட்டுக்காம ஒட்டிண்டிருந்தேன்.

— தாத்தாவோட பிளேட்டு இப்பவும் ஸ்டாக் உண்டா, சார்?

— கௌசிக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுத்தான். என் மருமான். சாலை பஜார்ல ஒரு கடைல இருநூறு அடிச்சேன். போன மாசம்.

— பழைய காகிதம் மாதிரி உண்டே.

— டீத்தண்ணில முக்கினேன்.

— மொட்டை மாடில, என் வடாம் துணில காயப் போட்டார். மழை வந்துது. ஓடி ஓடிப் பொறுக்கினது நான்.

— சார், நடுவுல உள்ள கண்ணாடிப் பெட்டி உங்களுக்குத்தான் ஒழிச்சு வச்சிருக்கு. நோட்டீஸ்லயும் உங்க குடும்பப் பேரு அடிச்சாச்சு. அஞ்சு மணிக்குத் திறப்பு.

— தெரியும்மா. அந்த நோட்டீஸை வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்ததே நான்தான். சம்பந்தி நாகர்கோவில்லேர்ந்து வந்துண்டிருக்கார்.

— எதுக்கு சார் இதெல்லாம்?

— அவாத்துல மூணு தலைமுறையா வக்கீல். பீரோ பீரோவாப் புஸ்தகம். கல்யாணத்தப்போ என்னண்ட கேட்டார், உங்க தாத்தா என்ன பண்ணிண்டிருந்தார்னு. கொட்டாரத்துல, ராஜா அரண்மனைல உத்யோகம்னு சொல்லிட்டேன்.

— ஊட்டுப்புரை அடுக்களைல மோர்க்காளன் கிண்டிண்டிருந்தார்.

— சூடாமணி.

— நல்ல காளன்னா. ஊரே சொல்லும்.

— அது ஒரு குறைச்சலும் இல்ல, மாமி. சார், கேட்டீங்களா, பிளேட்டு வேண்டாம். அந்தக் காலத்துல பிளேட்டு அடிச்சு ஒட்டினது ரொம்பக் கொஞ்சம் பேரு. மத்தவங்க முதல் பக்கத்துல மையால பேரெழுதி வச்சாங்க. அதுக்கும் எக்ஸிபிஷன்ல எடம் உண்டு. தாத்தா கையெழுத்து உள்ள ஒரே ஒரு புஸ்தகம் தாங்க. அதை நடுப்பெட்டில வைக்கிறேன். சம்பந்தி வந்து பாக்கட்டும்.

— ஒண்ணே ஒண்ணு போறுமா?

— போதும். அட்டை இல்லேன்னாலும் சரி. ராமாயணமோ, பஞ்சாங்கமோ, எதானாலும். மணி ரெண்டாச்சு, சார்.

— ஏன்னா, நான் சொல்லட்டுமா?

— வேண்டாம். நானே சொல்றேன். நீ அந்தக் கதவைச் சாத்து. ரெம்யா, தாத்தா கைநாட்டாக்கும். எழுதப் படிக்கத் தெரியாது.